நல்லமங்கையம்மன் துணை

பேசின் பிரிட்ஜ் தாண்டுவதற்குள் பரிதிக்குப் போன் செய்து சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் வண்டி ஏறினேன். பெரம்பூரும் போய்விட்டது, போன் கையிலேயே இருக்கிறது. என்னவென்று ஆரம்பிப்பது. பரிதி, அந்த வீடு வேண்டாம். ஏன் என்பான். என் புருஷன் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன், பழுது எங்கே என்று தெரியாமல் மூடியைப் போட்டு மூட மாட்டான். ஏன் என்று சொன்னால், இதை ஏன் ஞாயிற்றுக்கிழமையே சொல்லவில்லை என்பான். அதற்கு என்னிடம் பதில் இருக்கிறது, ஆனால் அது சொல்கிற மாதிரியான பதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அந்த ஊரைப் பார்த்துவிட்டுத் திரும்பி வரும்போது பைக்கில் எனக்கு முன்னால் உட்கார்ந்து அவன் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தான். கல்யாணமாகி எட்டு வருஷத்தில் அவன் பாடி நான் கேட்டது அன்றைக்குத்தான், சுதி சுத்தமாக இல்லை, எந்தப் பாட்டு என்றுகூடத் தெரியவில்லை, அதை எப்படி நிறுத்துவது. இப்போது அரை நாள் லீவு போட்டுவிட்டு, நறுமுகையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நேராக மத்தியான ரயிலில் ஏற்றிக்கொண்டு, பூண்டித்தாங்கல் போய்ச் சேர்ந்திருப்பான். நான் ஆபீஸ் முடித்து இந்த வண்டியில் வந்து இறங்கியதும் மூன்று பேருமாகப் போய் வீட்டுக்காரம்மாவிடம் சரி என்று சொல்லி, அட்வான்ஸ் கொடுத்து, சாவி வாங்க வேண்டும். வெள்ளிக்கிழமை, நல்ல நாள் என்று அந்தம்மாதான் சொன்னார்கள். வில்லிவாக்கம் வருகிறது. வில்லிவாக்கத்தில் சொல்லிவிடலாம். கூட்டம் ஏறுகிற சத்தத்தில் அவனுக்குக் கேட்காது. கொரட்டூரில் சொல்லலாம்.

ஊர் மாற வேண்டும் என்று முடிவு செய்தது நாங்கள் இல்லை, குழந்தையின் நெஞ்சு. எங்கள் வீட்டு மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் குப்பைமேடு தெரியும், அது எரியாத நாள் இல்லை. நறுமுகைக்கு ஆறு வயது, ராத்திரி அவள் மூச்சு விடுகிற சத்தம் பக்கத்து அறைக்குக் கேட்கும், யாரோ ஈரத்துணியைக் கிழிப்பது மாதிரி. டாக்டர் ஒவ்வொரு தடவையும் வாயில் அடிக்கிற பம்ப்பை மாற்றி எழுதிக்கொடுத்துவிட்டுக் கடைசியில், முடிந்தால் இடம் மாறுங்களேன் என்றார். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளெல்லாம் ஊர் பார்ப்பதிலேயே போயின. ரயில் பிடித்தால் ஆபீஸுக்கு வந்துவிட முடிய வேண்டும், பள்ளிக்கூடம் இருக்க வேண்டும், காற்று நன்றாக இருக்க வேண்டும், இது பரிதியின் கணக்கு. என் கணக்கு வேறு. ஊருக்குள் நுழைந்ததும் நான் கொடிக்கம்பத்தைப் பார்ப்பேன். கரண்டுக் கம்பத்தில் என்ன வர்ணம் பூசியிருக்கிறார்கள், கல்யாண பேனரில் யார் படம் போட்டிருக்கிறார்கள், டீக்கடையில் யார் உட்கார்ந்து குடிக்கிறார்கள், யார் நின்று குடிக்கிறார்கள். தண்ணீர் டேங்க் ஒன்றா இரண்டா என்று முக்கியமாகப் பார்ப்பேன். இத்தனூண்டு ஊருக்கு இரண்டு டேங்க் கட்டியிருந்தால் அந்த ஊர் வேண்டாம். பரிதி சிரிப்பான். ஏ வாணி, நான் பொறந்ததே ரெண்டாவது டேங்க்குப் பக்கத்துலதான், நானே பயப்படல, நீ எதுக்கு இந்தப் பயம் பயப்படுற என்பான். அவன் பிறந்தது ரெண்டாவது டேங்க் பக்கம், நான் பிறந்தது முதல் டேங்க் பக்கம், அதனால்தான் பயப்படுகிறேன். முதல் டேங்க் பக்கத்தில் அடுப்படியில் என்ன பேசுவார்கள் என்று எனக்குத்தான் தெரியும், அவனுக்கு எப்படித் தெரியும். செங்கல்பட்டுப் பக்கம் ஒரு ஊரில் வீட்டுக்காரர் காபி கொடுத்துவிட்டு, தம்பி நீங்க எந்தப் பக்கம் என்று நேராகவே கேட்டார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். நேராகக் கேட்கிறவரிடம் எழுந்து வந்துவிடலாம். கேட்காமலே தெரிந்துகொள்கிறவர்களிடம்தான் எனக்கு உதறல்.

பூண்டித்தாங்கலில் டேங்க் ஒன்றுதான். அதைப் பார்த்ததுமே எனக்கு மனசு இளகிவிட்டது, அதுதான் தப்பு. ஏரி, ஏரியை ஒட்டி ஊர், ஊரை ஒட்டிப் புதிதாகக் கல் நட்ட மனைகள், அங்கங்கே நாலைந்து வீடு. பட்டணத்தில் வேலை பார்க்கிறவர்கள் ஒவ்வொருவராக வந்துகொண்டிருக்கிறார்கள். வீட்டுக்காரம்மா பரிபூரணம், அறுபது வயது இருக்கும், பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார்கள், பேசிக்கொண்டே குழந்தைக்கு மோர் கொடுத்தார்கள், பேசிக்கொண்டே எனக்குப் பூ வைத்துவிட்டார்கள். வீட்டுக்காரர் தணிகாசலம் அதற்கும் சேர்த்து வாயே திறக்கவில்லை. அவர் பரிதியைத் தண்ணீர்த் தொட்டி காட்ட மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். நறுமுகை வேலிப்பக்கம் ஓடினாள். அங்கே பக்கத்து மனையில் அடுத்து தண்ணீருக்குப் போர் போடுவதற்காக, சேறு நிற்கக் குழி வெட்டி வைத்திருந்தார்கள், மழைத்தண்ணீர் நிறைந்து எவ்வளவு ஆழம் என்று தெரியாமல் கிடந்தது. விளிம்பில் போய் நின்று குனிந்து பார்க்கிறாள். மண் சரிகிறது. கால் வழுக்குகிறது. நான் கத்தினேன். பெயரைச் சொல்லிக் கத்தியிருக்கலாம். ஐயோ என்று கத்தியிருக்கலாம். எட்டு வருஷமாகப் பூட்டி வைத்த வாய், பயத்தில் தன் பாட்டுக்குத் திறந்துகொண்டது. நல்லமங்கையாத்தா! ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து இழுத்துவிட்டேன், முழங்காலில் சேறுதான், வேறொன்றும் இல்லை. திரும்பினால் பரிபூரணம்மா சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

"இன்னாமா இப்டி பயந்துகினே. கொயந்தைக்கு ஒண்ணும் ஆவல. அது சரி, நல்லமங்கையம்மன்னா சொன்னே? அது நம்ம கொயந்தவேலு அண்ணன் சாமியாச்சே! எங்க வூட்டுக்கு போர் போட்டாரே, அவுரு வண்டி நெத்தியிலயே எய்தி இருக்கும், நல்லமங்கையம்மன் துணைன்னு. அதான் ஒனக்குக் கொலதெய்வமா?" என்று கேட்டார்கள். நான் தலையை ஆட்டினேன். ஏன் ஆட்டினேன். இல்லை, சும்மா சொன்னேன் என்று சொல்லியிருக்கலாம். கல்யாணமானவள் புருஷன் வீட்டுச் சாமியைத்தான் தன் குலதெய்வம் என்று சொல்ல வேண்டும், எந்தப் பெண்ணுக்கும் அது தெரியும், எனக்கும் தெரியும், பரிதி வீட்டுச் சாமிக்கு நான் பொங்கலே வைத்திருக்கிறேன். ஆனால் குழந்தை சாகக் கிடக்கிற நேரத்தில் புருஷன் வீட்டுச் சாமி வாயில் வரவில்லையே. அதோடு விட்டார்களா. குழந்தை பேர் என்ன, நட்சத்திரம் என்ன, வூட்டுக்காரர் நட்சத்திரம் என்ன, உன் முழுப்பேரு இன்னாம்மா. பெரியம்மாக்கள் கேட்பதுதான், கோகிலவாணி என்று சொன்னேன், உத்திராடம் என்று சொன்னேன், நறுமுகைக்கு மகம் என்று சொன்னேன். பட்டணத்தில் யாருக்கும் நான் முழுப்பெயர் சொல்வது கிடையாது, ஆபீஸில்கூட எல்லோருக்கும் வாணிதான். பரிதி மாடியிலிருந்து இறங்கி வந்து, தண்ணி இளநீர் மாதிரி இருக்கு வாணி என்றான். அவனுக்கு ஒன்றும் தெரியாது.

"கொஞ்சம் நகந்து குந்தும்மா." அம்பத்தூரில் ஏறிய ஒரு பெண் மடியில் முருங்கைக்கீரையைப் பரப்பிக்கொண்டு ஆய ஆரம்பித்துவிட்டாள். தினமும் இந்த வண்டியில் போகிறவள் போல, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் ஒரு வார்த்தை பேசுகிறாள். இந்த வீட்டுக்கு வந்துவிட்டால் நானும் இப்படித்தான் ஆவேன், கீரை ஆய்வேன், பூ கட்டுவேன், எதிரில் இருக்கிறவளின் மாமியார் கதையைக் கேட்பேன். ஆசையாகத்தான் இருக்கிறது, ஏன் பொய் சொல்ல வேண்டும். "எங்க எறங்கணும்?" என்று கேட்டாள். பூண்டித்தாங்கல் என்றேன். "நானும் அதுக்கு அடுத்த டேசன்தான். யாரு வூட்டுக்கு?" பரிபூரணம்மா வீட்டுக்கு என்று சொல்ல வாயெடுத்து, சும்மா ஒரு வேலையா என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "புதுசா மனை வாங்கினு வராங்களே அந்த ஆளுங்களா? ஊரு நல்ல ஊருதான். ஒருத்தர் வூட்ல கொயம்பு கொதிச்சா ஒம்போது வூட்டுக்குத் தெரியும்." சிரித்தாள். நானும் சிரித்தேன். எங்கள் அடுக்குமாடியில் எதிர்வீட்டுக்காரர் பெயர் எனக்குத் தெரியாது. அவருக்கும் என் பெயர் தெரியாது. இதைப் பற்றி எல்லோரும் எவ்வளவு வருத்தமாகப் பேசுகிறார்கள், பட்டணத்தில் யாருக்கும் யாரையும் தெரியாது என்று. யாருக்கும் யாரையும் தெரியாததால்தானே நாங்கள் உயிரோடு இருக்கிறோம். ஆவடி. இங்கே நிறைய பேர் இறங்குவார்கள், கொஞ்சம் அமைதியாக இருக்கும். போன் அடித்தேன். மணி போகிறது, போகிறது, எடுக்கவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போயிருப்பான். போனை அந்த வீட்டுத் திண்ணையிலேயே விட்டிருப்பான். அவன் எடுக்காததில் எனக்கு ஒரு நிம்மதி வந்ததே, அந்த நிம்மதியை என்னவென்று சொல்வது.

போர் வண்டி எனக்குப் புதிதில்லை. எங்கள் ஊரில் பொழுது விடிந்தால் அந்த வண்டி முகத்தில்தான் முழிப்போம். திருச்செங்கோட்டுப் பக்கம் பத்து வீட்டுக்கு ஒரு வீடு அந்தத் தொழில்தான், எங்கெல்லாம் புதிதாக வீடு கட்டுகிறார்களோ அங்கெல்லாம் எங்கள் ஆட்கள் பூமியைத் துளைத்துத் தண்ணீர் பார்க்கப் போய்விடுவார்கள். பட்டணத்துக்கு நடுவில் அந்த வண்டி வராது, பட்டணத்தின் ஓரத்தில் வரும். ஓரமாகப் போய் ஒளிந்துகொள்ளலாம் என்று நினைத்தால் ஓரம்தான் அவர்கள் வருகிற இடம், இதுகூட எனக்கு இத்தனை நாள் உறைக்கவில்லை பார். என் அண்ணன் லோகு முதல் வண்டி வாங்கியபோது நான் பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன். வண்டியைக் கோயிலுக்கு ஓட்டிப்போய்ச் சந்தனம் பூசினோம். பூசாரி எலுமிச்சம்பழத்தை நீட்டியபோது லோகு அதை என் கையில் கொடுத்தான். அம்மிணி, நீ வையி, உங்கையில வெச்சாத்தான் தண்ணி வரும் என்றான். சக்கரத்துக்குக் கீழே நான்தான் வைத்தேன். அந்தப் பழம் நசுங்கிய வாசனை இந்த ஈரக்கீரை வாசனைக்குள் இப்போது வருகிறது. எங்கே போய்த் துளை போட்டாலும் தண்ணீர் வந்ததும் முதல் போன் எனக்குத்தான், அம்மிணி, ரெண்டரை இஞ்சு தண்ணி வந்துருக்குது, உன்ற கை ராசி என்பான். அவனைவிடப் பிரியமான அண்ணன் அந்த ஊரில் எவளுக்கும் கிடையாது. இதைச் சொன்னால் பரிதி பேசாமல் கேட்டுக்கொள்வான். வேறு யாரிடமும் சொல்ல முடியாது. பிரியமில்லாதவனாக இருந்திருந்தால் பயமே இல்லையே, போய்த் தொலையட்டும் என்று விட்டிருப்பான்.

எங்கள் ஊரில் ஒரு ஆஸ்பத்திரிக்கு லிஃப்ட் மாட்ட பரிதி வந்தான், நான் அங்கே ரிசப்ஷனில் இருந்தேன், அவ்வளவுதான் எங்கள் கதை. லிஃப்ட் மூன்று மாதத்தில் முடிய வேண்டியது ஏழு மாதம் இழுத்தது. அதற்கு முந்தின வருஷம் என் சித்தப்பா மகள் சரோஜினி இதே மாதிரி ஒருவனோடு ஈரோட்டுக்குப் போனாள். தேடிப்போனவர்கள் யாரும் அவளை அடிக்கவில்லை, திட்டவில்லை. வாசலில் நின்று, வா சாமி, ஒண்ணும் சொல்ல மாட்டோம், உங்கம்மா சோறு தண்ணியில்லாம கெடக்குறா, ஊருக்கு வா, நாங்களே தாலி எடுத்துக் குடுத்து முறையாக் கட்டி வெக்கிறோம் என்றார்கள். அவள் அழுதுகொண்டே வண்டியில் ஏறினாள். வந்த வாரத்திலேயே வயிற்றுவலி என்றார்கள். வயிற்றுவலியில் செத்தவளை ஏன் விடிவதற்குள் எரித்தார்கள் என்று அடுப்படியில் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, காபி கலக்கிக்கொண்டிருந்தேன். எங்கள் முறை வந்தபோது நாங்கள் நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விட்டோம். அங்கே லோகு வந்தான். கையைக் கூப்பிக்கொண்டு, இன்ஸ்பெக்டருக்கு முன்னால், கண்ணெல்லாம் தண்ணீராக, அம்மிணி, வா சாமி ஊட்டுக்குப் போலாம், ஒண்ணும் சொல்ல மாட்டோம் என்றான். அதே குரல். சரோஜினியைக் கூப்பிட்ட அதே வார்த்தைகள், வரிசைகூட மாறாமல். அவன் கத்தியிருந்தால் நான் ஒருவேளை போயிருப்பேன், கோபம் தணிந்துவிடும் என்று நம்பியிருப்பேன். அந்தப் பிரியத்தைப் பார்த்துத்தான் பரிதியின் கையைப் பிடித்துக்கொண்டேன். இனி எங்கள் வழிக்கு வர மாட்டோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான். வாசலில் செருப்பு மாட்டும்போது மட்டும் பரிதியைப் பார்த்து, பொளச்சுப் போ தம்பி என்றான். வாழ்த்தா அது, கெடுவா. எட்டு வருஷமாகத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன், விளங்கவில்லை. நிஜமாகவே அழுதிருப்பானோ. நிஜமாகவே அம்மா சாப்பிடாமல் கிடந்திருப்பாளோ. இப்படி யோசிக்க ஆரம்பித்தால் அதற்கு முடிவு இல்லை.

திருநின்றவூர் போய்விட்டது. காற்று மாறுகிறது, வைக்கோல் வாசனை, எருமை வாசனை. முதல் இரண்டு வருஷத்தில் வீடு வீடாக மாறினோம். கதவுக்குப் பின்னால் ஒரு நீலப் பை எப்போதும் தயாராகத் தொங்கும், இரண்டு செட் துணி, சர்டிபிகேட், கொஞ்சம் பணம். அப்போது பரிதி ஒரு சட்டம் போட்டான். ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தர் பைய எடுன்னு சொன்னா, மத்தவங்க ஏன்னு கேக்கக் கூடாது. எதையும் ஏன் என்று கேட்கிற மனுஷன் போட்ட சட்டம் அது. இரண்டு தடவை நான் சொல்லியிருக்கிறேன், ஒரு தடவை அவன். ஒரு தடவை நான் சொன்னது வெறும் மனப்பிராந்தி, தெருவில் நின்றவன் கேஸ் சிலிண்டர்காரன். அப்போதும் அவன் கேட்கவில்லை, அடுப்பில் சோறு பாதி வெந்திருக்க இறங்கி வந்துவிட்டோம். நறுமுகை பிறந்த பிறகு சொல்லவே இல்லை. இந்தக் கோடையில் நானே அந்தப் பையைக் காலி செய்து துவைத்துப் பள்ளிக்கூடப் பையாக அவளுக்குக் கொடுத்துவிட்டேன், அதன் மேல் ஒரு முயல் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருக்கிறாள். பயம் போய்விட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள அப்படிச் செய்தேன். இப்போது மனப்பிராந்தி திரும்பி வந்திருக்கிறது, அவ்வளவுதான் வாணி. ஒரு கிழவிக்கு ஒரு போர் வண்டிக்காரரைத் தெரியும். அந்த வண்டிக்காரருக்கு ஒரு சாமி. அந்தச் சாமிக்கு ஆயிரம் குடும்பம். அதற்காக ஒரு குழந்தையைப் புகைக்குள் திருப்பிக் கொண்டுபோவதா. ஞாயிற்றுக்கிழமை அந்தத் திண்ணையில் மத்தியானம் தூங்கினாளே, பம்ப் இல்லாமல், வாய் மூடி, சத்தமில்லாமல். பரிதி அவள் மூக்குக்கு நேரே விரலை வைத்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தானே. சொல்ல வேண்டாம். ஒன்றும் சொல்ல வேண்டாம். நாளாக நாளாக அந்தம்மாவே மறந்துவிடுவார்கள். புதுப் பழக்கத்தில் கேட்டதை யார் நினைவு வைத்திருக்கிறார்கள். முடிவு செய்துவிட்டேன் என்று நினைத்த நிமிஷத்தில் திருவள்ளூர் வந்தது, பிளாட்பாரத்தில் மஞ்சள் சட்டைக்காரன் ஒருவன் முதுகைக் காட்டி நின்றான், லோகுவின் முதுகு. திரும்பினான். வேறு யாரோ. என் கை போனைத் தானாக அடிக்கிறது, மணி போகிறது, இந்தத் தடவை எடுத்துவிட்டான்.

"எங்க வர்ற?"

"திருவள்ளூர் தாண்டியாச்சு. பரிதி, ஒண்ணு சொல்லணும்."

"என்ன, கேக்கல, இங்க ஒரே சத்தம். பக்கத்து மனையில போர் போட்டுக்கிட்டு இருக்காங்க. நாங்க ஸ்டேஷனுக்கு வந்துக்கிட்டே இருக்கோம். பரிபூரணம்மாவும் வர்றாங்க, உனக்கு ஒரு அதிசயம் வெச்சிருக்காங்களாம்."

வைத்துவிட்டான். அதற்குள் எனக்கும் கேட்டுவிட்டது, போனுக்குள் அந்தச் சத்தம், கல்லைக் குடைகிற சத்தம், சின்ன வயதில் தூக்கத்திலேயே எத்தனை அடி இறங்கியிருக்கிறது என்று சொல்வேன் அதைக் கேட்டு. கீரைக்காரப் பெண், இன்னாமா மூஞ்சி வெளுத்துப்போச்சு, தண்ணி குடிக்கிறியா என்றாள். குடித்தேன். கடம்பத்தூர். அடுத்தது நம் ஸ்டேஷன். அதிசயம் என்றால் பலாப்பழமாக இருக்கும். புடவையாக இருக்கும். கோழிக்குஞ்சாக இருக்கும், நறுமுகை கேட்டாள். போர் வண்டிகள் ஆயிரம் இருக்கின்றன, அதில் ஒன்று. எழுந்து வாசலருகே நின்றுகொண்டேன். ஏரி தெரிகிறது, வெயில் சாய்ந்து தண்ணீர் முழுக்க வெளிச்சம். இவ்வளவு அழகாக இருக்கத் தேவையில்லை இந்த ஊர். வண்டி நிற்பதற்குள் அவர்களைப் பார்த்துவிட்டேன். பரிதி தோளில் நீலப் பை, விரலில் சாவிக்கொத்தைச் சுழற்றிக்கொண்டு நிற்கிறான், சாவி வாங்கிவிட்டான். நறுமுகை ஓடி வருகிறாள், ஓடி வருகிறாள், மூச்சு வாங்கவே இல்லை, நெற்றி முழுக்கச் சிவப்பாக.

குங்குமம். எங்கள் கோயில் குங்குமம் கருஞ்சிவப்பு, கொஞ்சம் எண்ணெய்ப் பசையோடு இருக்கும், வேறெங்கும் அந்த நிறத்தில் பார்த்ததில்லை.

"நீ வந்தா இன்னும் யோசிப்பே, அதான் அட்வான்ஸ் குடுத்துட்டேன்" என்று பரிதி சிரித்தான். பரிபூரணம்மா அவனைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து, வாழையிலைப் பொட்டலத்தை என் கையில் வைத்து அழுத்தினார்கள்.

"ஒன் சாமி பிரசாதம்மா! கொயந்தவேலு அண்ணன் அம்மாசிக்கு ஊருக்குப் போறேன்னாரு. கொயந்தைக்கு நெஞ்சு சளி போவணும், மூணு பேர் பேருக்கும் ஒரு அர்ச்சனை பண்ணிக் குடுத்து எட்தாங்கண்ணேன்னு பேரு, நட்சத்திரமெல்லாம் போன்ல சொன்னேன். இன்னிக்கு வண்டி வருதுல்ல, அதுல குட்த்து உட்டாரு. கேளு, பூசாரி ஒன் பேரப் படிச்சதும் நிறுத்திட்டாராம். கோகிலவாணி உத்திராடமா, நம்ம லோகு தங்கச்சியான்னு கேட்டாராம். ஒடனே ஒங்கண்ணனுக்குப் போன போட்டு வரவச்சிட்டாங்களாம். பாவம், அந்த மனுசன் கோயில்ல நின்னு அயிதாராம். எட்டு வருசமா எங்க இருக்குதுன்னே தெரியலன்னு. நாளைக்கே கெளம்பி வராராம்மா!"

அழுதானா. நிஜமாக அழுதானா, லோகு. பொட்டலம் என் உள்ளங்கையில் வெதுவெதுப்பாக இருந்தது. அதைப் பிரித்து நெற்றியில் பூசிக்கொள்ள வேண்டும் என்று ஒரு வெறி வந்தது, அம்மா வைத்துவிடுகிற மாதிரி புருவத்துக்கு நடுவில், விரலால் அழுத்தி. வரட்டுமே. வந்து பார்க்கட்டுமே. நறுமுகையைப் பார்த்தால் எவனுக்குத்தான் மனசு வரும். எட்டு வருஷத்தில் மனுஷன் மாற மாட்டானா. நான் வைத்த எலுமிச்சம்பழம், என் கைராசி. பரிபூரணம்மா என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார்கள்.

"இதுல இன்னொண்ணு. அம்மிணிக்கு நான் வரது தெரிய வேணாம், வந்து நிக்கும்போது அது மொகத்தப் பாக்கணும், அதுவரைக்கும் வூட்டுக்காரருகிட்டயும் மூச்சு உடாதீங்கன்னு படிச்சிப் படிச்சி சொன்னாராம் ஒங்கண்ணன். எனக்குத்தான் வாய் நிக்கமாட்டேங்குது, சொல்ட்டேன். நீ தெரியாத மாதிரியே இரு, இன்னா?"

நறுமுகையைத் தூக்கிக்கொண்டேன். ஆறு வயதுக்காரி, கனம், கால்கள் என் முழங்காலில் இடிக்கின்றன. பரிதி இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான், ஆனால் சாவி சுழல்வது நின்றிருந்தது. எதிர்ப் பிளாட்பாரத்துக்குப் பட்டணம் போகிற வண்டி தூரத்தில் விளக்கோடு வந்துகொண்டிருந்தது.

"பரிதி," என்றேன், "பைய எடு."

பை ஏற்கெனவே அவன் தோளில்தான் இருந்தது. அவன் அதன் பட்டையை இழுத்து இறுக்கிக்கொண்டான். சாவியைப் பரிபூரணம்மாவின் கையில் வைத்து விரல்களை மூடினான். ஏன் என்று கேட்கவில்லை. தண்டவாளத்தில் இறங்கி எனக்குக் கை கொடுத்தான், குறுக்கே கடந்தோம். பின்னாலிருந்து அந்தம்மாவின் குரல், "இன்னாமா ஆச்சி, நான் இன்னா தப்பா சொல்ட்டேன்? பால் காய்ச்ச அடுப்பெல்லாம் மெயிகி வச்சிக்கிறேனே!" திரும்பிப் போய் அவர்களைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. அந்த வாய்தான் எங்களைக் காட்டிக்கொடுத்தது, அந்த வாய்தான் இப்போது காப்பாற்றவும் செய்தது. வண்டி வந்து நின்றது. ஏறும்போது பரிதி தாழ்ந்த குரலில் ஒன்றே ஒன்று சொன்னான், வாடகை அக்ரிமென்ட்டுக்கு அவங்ககிட்ட ஆதார் ஜெராக்ஸ் குடுத்திருக்கேன் வாணி, நம்ம வீட்டு அட்ரஸ் அதுல இருக்கு.

உட்கார இடம் இருந்தது. உட்கார்ந்தோம். நறுமுகை என் தோளிலிருந்து முகத்தை நிமிர்த்தினாள், குங்குமம் பாதி என் புடவையில் அப்பியிருந்தது. என் பொட்டு அழிஞ்சுடுச்சும்மா என்றாள். அப்புறம், நாம எந்த வீட்டுக்குப் போறோம் என்று கேட்டாள். பரிதி என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். அவள் பதிலுக்குக் காத்திருந்தாள், வாயை மூடிக்கொண்டு, மூக்கால், சத்தமே இல்லாமல் சீராக மூச்சு விட்டுக்கொண்டு.